தலை ஆடியும் தேனிலவும்: கொல்லிமலைப் பாதையில் மணமக்களின் பயணம்

மணமான இருவர், உற்றார் எவரும் உடன் வராமல், வேண்டுதலும் வணிகமும் இன்றி, ஓர் இடத்தைக் கண்டு களிப்பதற்காக மட்டுமே ஒரு வார காலம் வெளியூரில் தங்குவது, தமிழ்நாட்டின் ஊர்ப்புறங்களில் அண்மைக் காலத்தில் வேரூன்றிய வழக்கமாகும். ஐரோப்பியர் நடுவில் இவ்வழக்கத்துக்கு முன்மாதிரியாக எண்ணப்படுவது, வெயிலும் கடலும் சுண்ணாம்பு பூசிய வெள்ளை வீடுகளும் நிறைந்த கிரேக்கத் தீவில் கழிக்கும் ஏழு நாள் விடுமுறை. தமிழர் நடுவிலோ அந்த இடத்தை மலை பிடித்துக்கொண்டது. இவ்வேறுபாட்டை வெறும் தட்பவெப்பத்தின் விளைவு என்று ஒதுக்கிவிட முடியாது. தமிழ் மணமக்கள் சேர்ந்து புறப்படும் முதல் பயணத்துக்குத் தேனிலவு என்ற பெயர் வருவதற்கு முன்பே ஓர் இடமும் நாளும் வகுக்கப்பட்டிருந்தன என்பதையும், புதிய விடுமுறை அந்தப் பழைய தடத்தின் மீதே பெரும்பாலும் நடக்கிறது என்பதையும், கொல்லிமலையின் அடிவாரத்தில் அமைந்த காளப்பநாயக்கன்பட்டியை மையமாக வைத்து நோக்கினால் தெளிவாகக் காணலாம்.

காளப்பநாயக்கன்பட்டி, நாமக்கல் மாவட்டத்தின் சேந்தமங்கலம் வட்டத்தைச் சேர்ந்த பேரூராட்சி. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாக வருவோரும், சேலத்திலிருந்து இராசிபுரம், பேளுக்குறிச்சி வழியாக வருவோரும் இவ்வூரைத் தொட்டுக் காரவள்ளிக்குச் சென்று, அங்கிருந்து மலை ஏறுகின்றனர். ஊரின் பெயரில் உள்ள நாயக்கர் என்னும் சொல், மதுரை நாயக்கர் ஆட்சியில் இப்பகுதி பாளையமாக, அதாவது படை உதவிக்கு ஈடாகத் தலைவர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட நிலப்பகுதியாக, இருந்த காலத்தை நினைவூட்டுகிறது. சேந்தமங்கலத்தைப் பாளையமாகக் கொண்ட இராமச்சந்திர நாயக்கரின் பெயர் நாமக்கல் கோட்டையோடும் இணைத்துச் சொல்லப்படுகிறது. ஊருக்குக் கிழக்கே சுவர்போல் எழும் கொல்லிமலையின் மேற்பரப்பு, கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில், ஏறி இறங்கும் சமநிலமாகப் பரந்துள்ளது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர், பெயரால் கேரளத்தாரை நினைவூட்டினாலும் தமிழ் பேசுவோர்; தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தோர் மூவர் என்றும், மூத்தவர் சேர்வராயன் மலைக்கும் நடுவர் கொல்லிமலைக்கும் இளையவர் பச்சைமலைக்கும் சென்று குடியேறினர் என்றும் அவர்கள் கூறும் மரபைத் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட இனவரைவியல் தொகுதிகளில் காணலாம். அம்மரபின்படி பார்த்தால், மலையின் குடிகளே ஒரு நெடும்பயணத்தின் வழிவந்தவர்கள்.

கொல்லிமலைக்கு வெளியார் சென்றது பற்றிய மிகப் பழைய பதிவுகள் சங்கப் பாடல்களில் கிடைக்கின்றன. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரியைப் பாடிய வன்பரணர், புறநானூற்றின் 152 ஆம் பாடலில், யானையைத் துளைத்துப் புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவி உடும்பிலும் பாய்ந்து நின்ற ஓர் அம்பையும், அதை எய்த வேட்டுவன் யாரெனத் தெரியாமலே அவன் முன் பாடிய பாணர் கூட்டத்தையும், அவன் காட்டிலேயே ஊன் சமைத்து விருந்தளித்துப் பொன்னும் மணியும் கொடுத்து அனுப்பியதையும் விரித்துரைக்கிறார். அடுத்த பாடலில் பரிசில் பெற்றவர்கள் உண்ட மயக்கத்தில் ஆடலையும் பாடலையும் மறந்துவிட்டதாக வருகிறது. விருந்தினரின் இத்தகைய நிலையைப் பதிவு செய்த மிகப் பழைய தமிழ்க் குறிப்புகளுள் ஒன்றாக அதைக் கொள்ளலாம். பாணரின் மலையேற்றம் பிழைப்பைத் தேடிய பயணம், களிப்பு அதன் வழியில் கிடைத்தது. பின்னர் முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரருக்கு அளித்ததை அகநானூற்றின் 209 ஆம் பாடல் குறிக்கிறது.

காதலருக்கும் இம்மலைக்கும் உள்ள தொடர்பு, கொல்லிப்பாவை என்னும் உருவத்தின் வழியாக அதே காலத்தில் தொடங்கிவிட்டது. பலா மரங்கள் செறிந்த கொல்லியின் மேற்குச் சரிவில் பூதம் சமைத்த பாவை ஒன்று நின்றதாகவும், இளவெயிலில் அது தோன்றினாற்போன்ற அழகுடையவள் தலைவி என்றும், அவளை எண்ணி விலங்குகள் திரியும் இரவில் தலைவன் மலைவழியே வருகிறான் என்றும் நற்றிணையின் 192 ஆம் பாடல் அமைந்துள்ளது. மேற்குச் சரிவு என்று அப்பாடல் சொல்லும் பக்கம் இன்றைய காளப்பநாயக்கன்பட்டியும் காரவள்ளியும் உள்ள பக்கமே. பிற்காலக் கதைகளில் இப்பாவை சிரித்துக் கொல்லும் கொடிய தெய்வமாக மாறி, மலைமீது எட்டுக்கை அம்மன் என்ற பெயரில் வழிபடப்படுகிறது. சங்கப் புலவர்க்கோ அது அழகின் அளவுகோலாகவே பெரிதும் பயன்பட்டது.

பாணருக்குப் பின் மலைக்கு ஆட்களை இழுத்தது கோயில். ஐயாற்றின் கரையில் பெரிய கோவிலூரில் உள்ள அறப்பளீசுவரர் கோயில், தேவாரத்தில் தனிப் பதிகம் பெறாமல் பிற பதிகங்களினூடே பெயர் மட்டும் குறிக்கப்படும் தலங்களாகிய வைப்புத் தலங்களுள் ஒன்றாக, அறப்பள்ளி என்ற பெயரால் அறியப்படுகிறது. சோழ அரசி செம்பியன் மாதேவியின் கொடை இக்கோயிலோடு தொடர்புபடுத்திக் கூறப்படுவதும், 18 ஆம் நூற்றாண்டினராகிய அம்பலவாணக் கவிராயர் இத்தலத்து இறைவனை முன்னிலைப்படுத்தி அறப்பளீசுர சதகம் என்னும் நீதி நூலை இயற்றியதும், சாலையே இல்லாத ஒரு மலைக்கோயிலின் புகழ் சமவெளியில் எவ்வளவு தொலைவு பரவியிருந்தது என்பதைக் காட்டுகின்றன. ஆற்று மீன்கள் இறைவனுக்கு உரியன என்ற நம்பிக்கையால் அவற்றைப் பிடிக்காமல் பொரியும் சோறும் இட்டு வணங்குவது இங்கு வழக்கம்.

இக்கோயிலுக்குக் கூட்டம் பெருகும் நாள் ஆடிப் பதினெட்டு. ஆடி மாதமும் புதுமணத் தம்பதியரும் என்ற பொருள் சற்று விரித்துச் சொல்லத்தக்கது. மணமான ஆண்டில் வரும் முதல் ஆடி, தலை ஆடி எனப்படும். அம்மாதம் பிறக்குமுன் பெண்ணைத் தாய்வீட்டார் சீர் கொண்டுவந்து அழைத்துச் செல்வர். மாதம் முழுவதும் கணவனும் மனைவியும் பிரிந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆடியில் கருவுற்றால் குழந்தை சித்திரை வெயிலில் பிறக்கும் என்பது இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். ஆடிப்பட்டம் விதைப்புக் காலமாதலால் வயல் வேலைக்கு இடையூறு நேராதிருக்கச் செய்த ஏற்பாடு அது என்று கருதுவோரும் உண்டு. இப்பிரிவின் நடுவில் பதினெட்டாம் நாள் மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்கு அழைக்கப்பட்டு, புத்தாடை பெற்று, மனைவியோடும் இரு வீட்டாரோடும் நீர்நிலைக்குச் செல்கிறான்.

ஆற்றங்கரையில் நடப்பவை பெரும்பாலும் பெண்களின் கையில் உள்ளவை. கரையில் சிறிது இடத்தை மெழுகி, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்து, வெற்றிலை பாக்கு, பழம், வெல்லமும் பச்சரிசியும் கலந்த காப்பரிசி, காதோலை, கருகமணி ஆகியவற்றைப் படைத்த பின், பெரிய சுமங்கலி ஒருவர் புதுப்பெண்ணின் தாலியைப் பழைய கயிற்றிலிருந்து எடுத்துப் புது மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டுவார். இதனைத் தாலி பெருக்கிப் போடுதல் என்பர். மணநாளில் அணிந்து, அதன்பின் வீட்டில் காய்ந்து கிடந்த மாலைகளை மணமக்கள் சேர்ந்து ஆற்றில் விடுவதும் அன்றுதான். பிறகு தூக்குவாளிகள் திறக்கப்பட்டுப் புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர்சாதம் என்ற வரிசை நடக்கிறது. காளப்பநாயக்கன்பட்டி வட்டாரத்துக் குடும்பங்களுக்கு இந்நாளில் இரண்டு திசைகள் திறந்திருந்தன: தெற்கே மோகனூர்க் காவிரி, கிழக்கே மலைமீது ஐயாறு. காவிரிக்கு வண்டி கட்டிப் போகலாம். ஐயாற்றுக்குக் கால்நடையாக ஏறித்தான் ஆக வேண்டும் என்பதால், மலையைத் தேர்ந்தெடுத்தவர்கள் முதல் நாளே கட்டுச்சோறு கட்டிப் புறப்பட்டு, இரவைக் கோயில் அருகில் கழித்து, பதினெட்டன்று நீராடி இறங்கினர். காட்டுவழியும் இரவுத் தங்கலும் அருவியும் ஆறும் உள்ளடங்கிய இப்பயணத்தை, மணமக்கள் மேற்கொண்ட முதல் சுற்றுலா எனக் கூறுவது மிகையாகாது. ஆயினும் அதில் இருவரும் தனித்திருக்கும் பொழுது அறவே இல்லை. சுற்றம் முழுவதும் கூடவே நடந்தது.

மணத்தை ஒட்டிய நாட்களிலும் நிலைமை இதுவே. மறுவீட்டு அழைப்பு முடிந்தபின், அத்தை வீடு, மாமன் வீடு, பெரியப்பா வீடு என ஒவ்வொன்றிலும் விருந்துண்டு மணமக்கள் சுற்றி வருவர். ஐரோப்பிய மணமக்கள் ஊரை விட்டு விலகிச் சென்ற அதே நாட்களில் தமிழ் மணமக்கள் உறவின் உள்ளே மேலும் மேலும் இழுக்கப்பட்டனர் என்பதே இரு வழக்கங்களுக்கும் உள்ள உண்மையான வேற்றுமை. மலைக்கும் கடலுக்கும் உள்ள வேற்றுமை அதற்கு அடுத்ததுதான்.

மலையை இன்ப வாழ்வுக்குரிய இடமாக ஆக்கியவர் ஆங்கிலேய அலுவலர். கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரிக்கு ஏறிய பின் உதகமண்டலம் வளர்ந்தது. 1845-இல் அமெரிக்க மறைப்பணியாளர் கொடைக்கானலில் வீடுகள் அமைத்தனர். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரைப் புகுத்த, ஏற்காடு தோட்டக்காரரின் ஊராயிற்று. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இலும் உதகைக்கு 1908-இலும் மலை இரயில் சென்றது. சேலத்துக்கு அருகில் ஏற்காட்டையொத்த குளிர்ச்சியும் அதனினும் பரந்த சமநிலமும் கொண்டிருந்த கொல்லிமலை இப்பட்டியலில் இடம்பெறாமைக்கு முதன்மையான காரணம் மலைக்காய்ச்சல். கொசுவால் பரவும் மலேரியாவுக்கு அக்காலத்தில் சரியான விளக்கம் இல்லாமையால், அடிவாரக் காடுகளின் நச்சுக்காற்றே காய்ச்சலைத் தருவதாக நம்பிய ஆங்கிலேயர், இம்மலையில் இரவு தங்குவதையே அஞ்சினர். காய்ச்சல் மலையாளிகளைப் பெரிதும் வருத்திய போதிலும், துரைமார் பங்களாக்களும் குதிரைப் பந்தயத் திடல்களும் வராமல் காத்ததும் அதுவே எனலாம். 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி வீடுகளில் டி.டி.டி. தெளிக்கப்பட்டது முதல் நாட்டின் காய்ச்சல் மலைகள் பலவற்றில் இந்த அச்சம் தணியத் தொடங்கியது.

ஒரு வார விடுமுறை என்னும் அளவு எங்கிருந்து வந்தது என்பதையும் ஈண்டு நோக்க வேண்டும். அது தொழிற்சாலை ஈன்ற அளவு. இங்கிலாந்தின் பஞ்சாலை நகரங்களில் ஆண்டுக்கு ஒருமுறை ஆலைகள் அனைத்தும் ஒரே வாரத்தில் மூடப்பட, தொழிலாளர் கூட்டமாகக் கடற்கரை ஊர்களுக்குச் சென்றனர். தாமஸ் குக் 1841-இல் லெஸ்டரிலிருந்து இலஃபரோவுக்கு ஏற்பாடு செய்த இரயில் பயணமே அமைப்புமுறைச் சுற்றுலாவின் தொடக்கமாகக் கூறப்படுகிறது. பிரான்சில் 1936-இலும் பிரித்தானியாவில் 1938-இலும் ஊதியத்துடன் கூடிய விடுப்புச் சட்டங்கள் வந்த பின்னரே சாதாரண இணையர்க்கு இது எட்டிய பொருளாயிற்று. ஆண்டின் பெரும்பகுதியை மேகத்தின் கீழ்க் கழித்த வடவர் வெயிலை விலைகொடுத்து வாங்க முன்வந்தபோது, அதுவரை கடலோடிகளையும் வெளிநாட்டுக் கூலிகளையும் அனுப்பி வாழ்ந்த வறிய கிரேக்கத் தீவுகளுக்குப் புதுவாழ்வு கிடைத்தது. 1956-இன் நிலநடுக்கத்தால் பாழ்பட்டு மக்கள் பலர் வெளியேறிய சாண்டோரினி, 1970-களுக்குப் பின் இணையர் விரும்பும் தீவாக உருமாறியது இதற்குத் தக்க சான்று. அத்தீவுகளிலும் விடுமுறைக்கு முன் திருப்பயணம் இருந்தது: 1823-இல் கன்னி மரியாளின் திருவுருவம் கண்டெடுக்கப்பட்ட டீனோஸ் தீவுக்கு ஆகஸ்டு 15-இல் இன்றும் அடியார் திரள்கின்றனர், அடுத்துள்ள மிக்கொனோஸ் தீவிலோ அதே வாரத்தில் கேளிக்கையாளர் திரள்கின்றனர். கடவுளும் களிப்பும் அங்கு ஆளுக்கொரு தீவாகப் பிரித்துக்கொண்டதை, கொல்லிமலையில் ஒரே பேருந்து ஏற்றிச் செல்கிறது.

தமிழ்நாட்டில் இந்த மாற்றம் அரசு ஊழியரும் ஆலைத் தொழிலாளரும் பெற்ற விடுப்பு உரிமைகளின் வழியாக நுழைந்தது. 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம், ஓராண்டில் 240 நாட்கள் உழைத்தவர்க்கு இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் என்ற கணக்கில் ஊதிய விடுப்பை உறுதி செய்தது. நடுவணரசு ஊழியர்க்கு விடுப்புப் பயணச் சலுகை 1956-இல் கிடைத்தது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971-இல் தோன்றியது. திரைப்படத்தின் பங்கும் சிறிதன்று. ஸ்ரீதர் இயக்கி 1961-இல் வெளியான ‘தேன் நிலவு’ படத்துக்குக் காஷ்மீரில் படப்பிடிப்பு நடந்தது. ஏரியும் படகும் பனிமலையும் பின்னணியாக நிற்கக் காதலர் பாடித் திரியும் காட்சி, சிற்றூர்க் கொட்டகைகள்வரை சென்று, மணமக்கள் என்றால் மலைக்குத்தான் போவார்கள் என்ற எண்ணத்தை ஊன்றியது. காஷ்மீருக்குப் போக முடியாதவர் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் போயினர். அதற்கும் கைப்பணம் போதாதவர் ஏற்காட்டில் ஒரு நாள் தங்கினர். வெயிலைத் தேடிய ஐரோப்பியனுக்கும் கத்திரி வெயிலுக்கு அஞ்சிய தமிழனுக்கும் விடுமுறை எதிரெதிர்த் திசைகளில் அமைந்தது இயல்பே.

கொல்லிமலைக்கு இத்திறத்தார் வருவதற்குச் சாலை வேண்டியிருந்தது. காரவள்ளியிலிருந்து சோளக்காடு நோக்கி ஏறும் பாதையில், ஊர்திகள் முன்னே சென்று சட்டெனத் திரும்பி வந்த திசையிலேயே மேலேறும் கொண்டை ஊசி வளைவுகள் எழுபது உள்ளன. ஒவ்வொன்றும் எண்ணிட்ட பலகையோடு நிற்க, பயணிகள் அவற்றை எண்ணிக்கொண்டே ஏறுவது மலைப்பயணத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. இச்சாலையால் மலைக்கு முதலில் விளைந்த பெருமாற்றம் சுற்றுலா அன்று, சுமை. தலைச்சுமையாக இறங்கிய மிளகும் வாழையும் அன்னாசியும் பலாவும் வண்டியேறின. சாமை, தினை, கேழ்வரகு விளைந்த மேட்டு நிலங்கள் பலவற்றில், சேலம், நாமக்கல் பகுதிச் சவ்வரிசி ஆலைகளின் தேவைக்காக மரவள்ளிக்கிழங்கு நடப்பட்டது. கிழங்கு ஏற்றிய லாரிகள் இறங்கிய அதே வளைவுகளில் பின்னர் வாடகை வேன்களும், இன்று இரண்டிருக்கை மோட்டார் சைக்கிள்களும் ஏறுகின்றன. மலையாளிகளின் உணவுத் தட்டில் சாமைச் சோறு குறைந்ததும், விடுதிகளின் உணவுப் பட்டியலில் அதே சாமை ‘மலைச் சிறப்பு’ என்று இடம்பெறுவதும் ஒரே சாலையின் இரு விளைவுகள் என்பதைச் சுற்றுலாவைப் புகழ்வோர் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

அரசும் பழைய நாளையே தேர்ந்தெடுத்தது. ஆடி 17, 18 ஆகிய நாட்களில், பெரும்பாலும் ஆகஸ்டு 2, 3 தேதிகளில், வல்வில் ஓரி விழா மலைமீது நடத்தப்படுகிறது. விற்போட்டியும் மலர்க் கண்காட்சியும் கலை நிகழ்ச்சிகளும் அதில் இடம்பெற, மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறையும் அறிவிக்கப்படுகிறது. ஓரியின் நாளை ஆடிப்பெருக்கோடு பொருத்தியது வரலாற்றுச் சான்றால் நேர்ந்ததன்று. அந்நாளில் கூட்டம் தானே வந்து நிற்கும் என்ற நடைமுறை அறிவால் நேர்ந்தது. அதனால் நீராடவும் தாலிக்கயிறு மாற்றவும் வருவோரும், கண்காட்சி பார்க்க வருவோரும் ஒரே நெரிசலில் கலந்து, எவர் அடியார், எவர் சுற்றுலாப் பயணி என்று பிரித்தறிய முடியாமல் போகிறது.

இன்று தனித்து வரும் இணையரின் செல்வழி, இடங்களின் வரிசையில் பழைய திருப்பயணத்தை அப்படியே ஒத்துள்ளது. செம்மேட்டில் அறை எடுத்துக்கொண்டு, அறப்பளீசுவரர் கோயிலைப் பார்த்து, அதன் அருகிலிருந்து தொடங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் இறங்கி ஆகாய கங்கை அருவியில் குளிக்கின்றனர். எட்டுக்கை அம்மன் கோயிலுக்கும் மாசிலா அருவிக்கும் சீக்குப்பாறைக் காட்சிமுனைக்கும் செல்கின்றனர். படியேறித் திரும்புகையில் முழங்கால் நடுங்கச் சுக்குக்காப்பிக் கடையில் உட்காரும் மணமக்களில், வேண்டுதலுக்கு வந்தவரையும் தேனிலவுக்கு வந்தவரையும் கழுத்தில் உள்ள மஞ்சள் கயிற்றின் புதுமையால் பிரித்துச் சொல்ல இயலாது. இருவரிடமும் அது புதிதாகவே இருக்கும். ஏழு நாள் தங்கல் மட்டும் இங்கு வேரூன்றவில்லை. சனி, ஞாயிறு என்ற இரண்டு நாள் அளவே நிலைத்துவிட்டது. சேலமும் திருச்சியும் ஈரோடும் சில மணி நேரத் தொலைவில் இருப்பதும், நீண்ட விடுப்பும் கையில் பணமும் வாய்த்தவர்கள் உதகையையோ கடல் கடந்த தீவுகளையோ நாடுவதும் இதற்குக் காரணங்கள்.

காளப்பநாயக்கன்பட்டியின் பங்கும் இதற்கேற்ப மாறிவிட்டது. கால்நடைப் பயணம் நடந்த நாளில் அடிவாரத்து ஊர்கள் மலையேறுவோர் இளைப்பாறி, பொருள் வாங்கி, துணை சேர்த்துக்கொண்டு புறப்படும் இடங்களாக இருந்தன. பேருந்து வந்தபின் நிறுத்தமாகவும் தேநீர்க்கடை வரிசையாகவும் அவை சுருங்கின. இராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டை, முள்ளுக்குறிச்சி வழியாக வளைவுகள் குறைந்த மற்றொரு சாலை திறக்கப்பட்டதிலிருந்து, வடக்கேயிருந்து வரும் பெரிய ஊர்திகளுள் ஒரு பகுதி இவ்வூரைத் தொடாமலே மலைக்குப் போய்விடுகிறது. எழுபது வளைவுகளை விரும்பி வரும் இருசக்கர ஊர்தி இணையரும், நாமக்கல் பக்கத்திலிருந்து ஆடிப் பதினெட்டுக்கு ஏறும் குடும்பங்களும் இன்னும் காளப்பநாயக்கன்பட்டி வழியாகவே காரவள்ளியை அடைகின்றனர்.